மேடை ஏறும் நம் பிள்ளைகள்

(பங்கு யூபிலியை முன்னிட்டுப் பள்ளி மண்டபத்தில் கூடிய பெற்றோர் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலியின் மூன்றாம் நாள் மாலை நிகழ்ச்சியை யார் நடத்துவது என்பது குறித்துக் கடந்த இரண்டு மாதங்களாக இப்பங்கில் பேச்சு நடந்து வருகிறது. நகரத்திலிருந்து இன்னிசைக் குழு ஒன்றை வரவழைக்கலாம் என்பது ஒரு சாராரின் விருப்பம். நம் பள்ளிப் பிள்ளைகளே நடத்தட்டும் என்பது விழாக் குழுவின் தீர்மானம். தீர்மானம் வெளியான மறுநாள் முதல் எம்மைத் தேடிப் பலர் வந்தனர். சிலர் அலுவலக அறையில் அமர்ந்து நிதானமாகப் பேசினர். சிலர் பூசை முடிந்து திருவுடையைக் களைவதற்குள்ளேயே வழிமறித்தனர். அவர்கள் சொன்னவற்றில் மூன்று குறைகள் திரும்பத் திரும்ப வந்தன. படிப்புக் கெடும் என்பது ஒன்று. வயது வந்த பெண் பிள்ளைகளை மேடையேற்றுவதா என்பது மற்றொன்று. மூன்றாவது குறையை எவரும் முழுதாகச் சொல்லவில்லை. "அந்த வாத்தியம் எதற்குச் சாமி?" என்று கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தனர். எந்த வாத்தியம் என்பது எமக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆதலால் இன்று இம்மூன்றையும் ஒளிவு மறைவின்றிப் பேசிவிடுவோம்.

பள்ளிக்கூடத்தில் நாடகம் எதற்கு என்று கேட்போர், அது ஏதோ பொழுது போகாத ஆசிரியர் கண்டுபிடித்த வேலை என எண்ணிவிட வேண்டாம். இயேசு சபையார் 1548-இல் சிசிலித் தீவின் மெசினா நகரில் கல்லூரி தொடங்கினர். ஐரோப்பா முழுவதும் அவர்களுடைய பள்ளிகள் பரவியபோது, கணக்கும் இலக்கணமும் போலவே நாடகமும் அங்கே இடம் பெற்றது. 1599-இல் அவர்கள் வகுத்த கல்வி முறைமையில் மாணவர் நாடகங்களுக்கென்றே ஒரு விதி உண்டு. இலத்தீனில் மட்டும் நடிக்க வேண்டும், அடிக்கடி கூடாது, பெண் வேடமும் பெண் உடையும் அறவே கூடாது என்கிறது அவ்விதி. விதி கண்டிப்பானது. நடந்ததோ வேறு! நாட்டு மொழி உள்ளே நுழைந்தது, இசை நுழைந்தது, நடனமும் நுழைந்தது. பிரெஞ்சு நாடகப் பேராசிரியர் மோலியேரும் கொர்னேயும், எசுபானியாவின் கால்தெரோனும் இத்தகைய பள்ளிகளில் படித்தவர்களே. மேடையேறிய பிள்ளைகள் யாவரும் மோலியேர் ஆகிவிடவில்லை. வழக்கறிஞராயினர், வணிகராயினர், குருக்களாயினர். பலர் முன்னிலையில் நின்று, நாக் குழறாமல் பேசக் கற்றுக்கொண்டு போயினர். அவர்களுடைய ஆசிரியர்கள் எதிர்பார்த்ததும் அதுவே.

புனித டொன் போஸ்கோவை நாம் எல்லோரும் அறிவோம். சிறுவனாயிருந்தபோதே கயிற்றின் மேல் நடந்தும் செப்பிடு வித்தை காட்டியும் ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டியவர் அவர். பின்னாளில் தூரின் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்தியபோது அங்கே சிறியதோர் அரங்கும் அமைத்து, அதற்கு விதிகளும் எழுதி வைத்தார். நாடகம் எளிதாக இருக்கட்டும், சுருக்கமாக இருக்கட்டும், பிள்ளைகள் சிரிக்கட்டும், அதோடு நல்லதும் கற்கட்டும் என்பது அவர் கருத்து. சுருக்கமாக இருக்கட்டும் என்பதை நம் ஆண்டு விழாக்களை ஏற்பாடு செய்வோர் சுவரில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். சென்ற ஆண்டு இரவு பதினொன்றரை மணிக்கு நன்றியுரை சொல்லப்பட்டது நினைவிருக்கலாம்.

அயல்நாட்டுக் கதை எதற்கு? நம் மூதாதையரிடம் எத்தனை பேருக்கு எழுதப் படிக்கத் தெரியும்? ஆயினும் தவக்காலத்தில் பாஸ்கா நாடகமும், திருவிழா இரவுகளில் வாசாப்பும், எஸ்தாக்கியார் நாடகமும் விடிய விடிய நடத்தினர். கைநாட்டு வைப்பவர்கள் நூற்றுக்கணக்கான விருத்தங்களை மனப்பாடமாக வைத்திருந்தனர். அண்ணாவி ஒரு வரி சொல்ல, அதைக் கேட்டு, திருப்பிச் சொல்லி, ராகத்தில் ஏற்றி, நெஞ்சில் நிறுத்தினர். கடல் கடந்த யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கத்தோலிக்கக் கூத்து மரபு இன்றும் உயிரோடிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகள் 1965-இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம், போர்க்காலத்திலும் மேடையை விட்டுவிடவில்லை. இங்கே திருச்சியில் 1977-இல் ஜார்ஜ் அடிகளார் தொடங்கிய கலைக்காவிரி, பின்பு நுண்கலைக் கல்லூரியாகவே வளர்ந்தது. இவையெல்லாம் பாடம் படிக்கத் தெரியாதோர் செய்த வேலைகளா?

இனி முதற் குறைக்கு வருவோம். படிப்புக் கெடும் என்ற அச்சம் வீணான அச்சம் என்று சொல்ல மாட்டோம். கலைக்காகப் படிப்பையும் பிள்ளைப் பருவத்தையும் பறிகொடுத்த ஒரு தலைமுறையே இந்நாட்டில் இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அமைத்தார். சிறுவர்களையே நடிகராகக் கொண்ட அத்தகைய சபைகளை மக்கள் 'பாய்ஸ் கம்பெனி' என்றனர். டி.கே.எஸ். சகோதரர்கள் அச்சபையில் சேர்ந்தபோது, அவர்களுள் ஒருவரான சண்முகத்திற்கு வயது ஆறுதான். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் இத்தகைய கம்பெனிகளில் வளர்ந்தவர்களே. வறுமையால் பெற்றோர் பிள்ளையைக் கம்பெனியில் விட்டனர், அங்கே சோறு கிடைத்தது, பாட்டும் வசனமும் கிடைத்தன, அடியும் கிடைத்தது. பள்ளிக்கூடம் மட்டும் கிடைக்கவில்லை. புகழ் பெற்ற ஓரிருவரின் பெயரைத்தான் நாம் அறிவோம். குரல் உடைந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்களின் பெயரை யார் அறிவார்?

ஆனால் பள்ளியும் கலையும் ஒன்றையொன்று விழுங்கித்தான் தீர வேண்டும் என்பதில்லை. காஞ்சிபுரத்திற்கு அருகே புஞ்சரசந்தாங்கல் என்னும் சிற்றூரில் கட்டைக்கூத்துக் குருகுலம் ஒன்று 2002 முதல் 2020 வரை நடந்தது. நடத்தியவர் கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபால்; அவருக்குத் துணை நின்றவர், நெதர்லாந்திலிருந்து ஆய்வுக்காக வந்து அவரையே மணந்துகொண்ட அன்னெ டி புருயின் அம்மையார். ராஜகோபால் சிறுவனாயிருந்தபோதே பள்ளியை விட்டுத் தந்தையின் கூத்துக் குழுவில் சேர்ந்தவர். அந்த நிலை அடுத்த தலைமுறைக்கு வரலாகாது என்றே, பாடமும் கூத்தும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் குருகுலத்தை அமைத்தார். அங்கே தங்கிய பிள்ளைகள் பாடப் புத்தகமும் படித்தனர். புயங்களிலும் தலையிலும் மரக்கட்டை அணிகளைப் பூட்டிக்கொண்டு இரவு முழுவதும் ஆடவும் கற்றனர். ஆண்களே ஆடிவந்த அக்கலையைப் பெண் பிள்ளைகளும் அங்கே பயின்றார்கள் என்பதை இரண்டாவது குறை சொன்னவர்கள் கவனிக்கவும்.

நாம் குருகுலம் நடத்தப் போவதில்லை. கேட்பது வாரத்தில் மூன்று மாலைகள், மணி நாலேகால் முதல் ஐந்தரை வரை. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் சனிக்கிழமை மட்டும் வந்தால் போதும், அதுவும் விரும்பினால்தான். அந்த ஒன்றேகால் மணி நேரத்தைப் பிள்ளை வீட்டில் எதில் கழிக்கிறது என்று எம்மைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும். கைப்பேசி வாங்கிக் கொடுத்தவர்கள் நீங்கள்.

மேலும் ஒன்று. நம் பள்ளியில் ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் இருக்கிறான். பேச்சில் திக்கல் உண்டு. வகுப்பில் அவன் எழுந்தாலே முன் வரிசையில் சிரிப்பு எழும். ஆதலால் அவன் எழுவதையே விட்டுவிட்டான். வில்லுப்பாட்டுக்குப் பின்பாட்டுப் பாட ஆள் தேடியபோது இசை ஆசிரியை அவனை அழைத்து உட்கார வைத்தார். திக்குவாய் உள்ளவர்களில் பெரும்பாலோர் பாடும்போது திக்குவதில்லை என்பது மருத்துவர்களும் அறிந்த செய்தி. அவனும் திக்கவில்லை. திக்கல் போயே போய்விட்டது என்று புதுமைக் கதை சொல்ல நாம் வரவில்லை. இன்றும் பேசும்போது திக்குகிறான். ஆனால் வகுப்பில் இப்போது கையை உயர்த்துகிறான். திக்கித் திக்கியாவது விடையைச் சொல்லி முடிக்கிறான். முன் வரிசையும் காத்திருக்கப் பழகிவிட்டது. இதற்கு மதிப்பெண் பட்டியலில் இடமில்லை.

வில்லுப்பாட்டு என்றதும் அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் பள்ளிக்கு இதைவிடப் பொருத்தமான கலை வேறு உண்டா என்பது ஐயமே. நெல்லை, குமரி மாவட்டங்களில் கோயில் கொடைகளில் வளர்ந்த கலை இது. நீண்டதொரு வில், அதில் கட்டிய மணிகள், வில்லைத் தட்ட வீசுகோல், ஒரு மண்குடம், உடுக்கை, ஜால்ரா, தாளக்கட்டை. அவ்வளவே கருவிகள். நடுவில் இருப்பவர் கதை சொல்வார்; மற்றவர் 'ஆமாம்' போடுவார், கேள்வி கேட்பார், கேலி செய்வார், பின்பாட்டுப் பாடுவார். கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் காந்தியடிகளின் கதையை வில்லில் பாடியபோது, அதை எழுதிக் கொடுத்தவர் சுப்பு ஆறுமுகம். அவர் 2022-இல் மறையும்வரை அக்கலையை விடவில்லை. புனிதர்களின் வரலாற்றை வில்லில் பாடும் குழுக்கள் தென் மாவட்டப் பங்குகளில் உண்டு. இதில் உள்ள நன்மை என்ன? நன்றாகப் பேசுபவனுக்கும் இடமுண்டு, பேசவே கூசுபவனுக்கும் இடமுண்டு. 'ஆமாம்' என்று உரிய நேரத்தில் சொல்வதற்கும் கதையைக் காது கொடுத்துக் கேட்டாக வேண்டும். காது கொடுத்துக் கேட்கும் பிள்ளை வகுப்பிலும் கேட்கும்.

இதற்கு மாறாக நம் ஆண்டு விழாக்களில் பல ஆண்டுகளாக நடப்பது என்ன? ஒலிநாடாக் காலம் தொடங்கி இன்றுவரை திரைப்பாட்டைப் போட்டுவிட்டு ஆடுவதே ஆட்டம் என்றாகிவிட்டது. ஆறு வயதுக் குழந்தை காதல் தோல்விப் பாட்டுக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறது, நாம் கைதட்டுகிறோம். குழந்தைக்கும் அப்பாட்டின் பொருள் தெரியாது. கைதட்டும் நமக்கும் வெட்கம் தெரியவில்லை. திரைப்பாட்டே பாவம் என்று சொல்ல வரவில்லை. நாமும் பழைய பாடல்களைக் கேட்பவரே. ஆனால் அந்த ஆட்டத்தில் பிள்ளை தானாக எதையும் செய்வதில்லை. வேறொருவர் திரையில் ஆடியதைப் பிரதி எடுக்கிறது. அதற்கு வெளியிலிருந்து வரும் ஆட்ட ஆசிரியர், நிறமும் உயரமும் பார்த்து எட்டுப் பேரைத் தேர்ந்தெடுக்கிறார். எஞ்சிய பிள்ளைகள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கின்றன. எத்தனை ஆண்டுகள் இப்படிப் பார்த்துவிட்டுப் பள்ளியை விட்டுப் போன பிள்ளைகள் இங்கே பெற்றோராக வந்து அமர்ந்திருக்கிறீர்கள்!

போட்டி வைத்தால் என்ன என்று பங்குப் பேரவையில் ஒருவர் கேட்டார். கேரள மாநிலம் 1957 முதல் பள்ளிக் கலோத்சவம் நடத்தி வருகிறது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் பங்கெடுக்கும் பெருவிழா அது. 1958-இல் இளைஞர் யேசுதாஸ் வாய்ப்பாட்டிலும் ஜெயச்சந்திரன் மிருதங்கத்திலும் அங்கே முதற் பரிசு பெற்றார்கள். பாடிய யேசுதாசுக்கு ஜெயச்சந்திரன் மிருதங்கம் வாசிக்கும் நிழற்படம் பலரும் பார்த்ததே. கேட்கவே இனிக்கிறது. ஆனால் அங்கேயே நாளடைவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கலாதிலகம், கலாபிரதிபா என்னும் பட்டங்களுக்காகப் பெற்றோர் போட்டியிட்டனர். நடனத்திற்கு உடையும் நகையும் ஆசானும் என்று பெரும் பணம் செலவிட்டனர். தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேல் முறையீடு, அதற்கும் மேல் நீதிமன்றம். கடைசியில் பட்டங்களை நிறுத்திவிட்டுத் தர வரிசை முறையைக் கொண்டு வர நேர்ந்தது. தமிழ்நாட்டு அரசும் 2022 முதல் அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறது. சிற்றூர்ப் பிள்ளைகள் மாவட்ட மேடையையும் மாநில மேடையையும் காண்பதற்கு அது வழி திறந்திருப்பதை மனமாரப் போற்றுகிறோம். நம் யூபிலி மேடையில் மட்டும் போட்டியும் பரிசும் வேண்டாம். ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள ஒவ்வொரு பிள்ளையும் ஏதேனும் ஒரு விதத்தில் ஏற வேண்டும். பாட முடியாதவன் திரைச்சீலை இழுக்கட்டும். அவனையும் முடிவில் மேடைக்கு அழைத்து நிறுத்துவோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை என எண்ணுகிறோம். சென்ற நூற்றாண்டுக்கும் முன்பே கும்பகோணத்தில் பாலாமணி அம்மாள் பெண்களையே கொண்டு நாடகக் கம்பெனி நடத்தினார். 1935-இல் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறியபோது ஊரார் பேசாததையா இங்கே பேசிவிடப் போகிறீர்கள்? மறு ஆண்டே கலாசேத்திரம் தோன்றிவிட்டது. உங்கள் அச்சம் ஆட்டத்தைப் பற்றியதன்று, கைப்பேசியில் படம் எடுத்துப் பரப்புவோரைப் பற்றியது என்றால் அது நியாயமான அச்சமே. ஆகவே அன்று மண்டபத்தில் எவரும் கைப்பேசியில் படம் எடுக்கலாகாது. விழாக் குழுவின் சார்பில் ஒரே ஒருவர் எடுப்பார். படங்கள் பள்ளி அலுவலகத்தில் இருக்கும். உடை எது என்பதைச் சகோதரிகளும் தாய்மாரும் கூடி முடிவு செய்வார்கள். இதற்கு மேலும் அனுப்ப மனமில்லாதவர்களை வற்புறுத்த மாட்டோம். ஆனால் பிள்ளையை ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த வாத்தியம். பறை என்று வாயால் சொல்லிவிடுவோம்.

நம் பள்ளியில் பறை கற்றுக்கொள்ள எட்டாம் வகுப்பிலிருந்தும் ஒன்பதாம் வகுப்பிலிருந்தும் இருபது பிள்ளைகள் பெயர் கொடுத்தனர். ஒரு வாரத்தில் பதினொரு பெயர்கள் அடிக்கப்பட்டுவிட்டன. பிள்ளைகள் அடிக்கவில்லை, வீட்டிலிருந்து ஆள் வந்து அடிக்கச் செய்தார்கள். எஞ்சிய ஒன்பது பேரும் ஊரின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒன்பது பேரில் இருவர் மறுநாள் வந்து, எங்களுக்கும் வேண்டாம், நாங்களும் கோலாட்டத்திற்கே போகிறோம் என்றனர். ஏன் என்று கேட்டோம். பதில் சொல்லவில்லை. பதினான்கு வயதுப் பிள்ளை தன் பாட்டன் அடித்த கருவியைத் தொட வெட்கப்படும்படி செய்துவிட்டு நாம் யூபிலி கொண்டாடப் போகிறோமா?

தொல்காப்பியர் நிலத்துக்குரிய கருப்பொருள்களைத் தெய்வம், உணவு, மரம், விலங்கு என எண்ணும்போது பறையையும் சேர்த்தே எண்ணினார். குறிஞ்சிக்குத் தொண்டகப் பறை; நெய்தலுக்கு மீன்கோட்பறை; பாலைக்குத் துடி. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை இருந்தது. எந்த நிலத்திலும் அது இழிவாக இருந்ததில்லை. பின் வந்தோர் அதைச் சாவு வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, அடிப்பவரையும் அங்கேயே நிறுத்தினர். கருவி என்ன குற்றம் செய்தது? மரத் துண்டுகளை இணைத்த வளையம். அதன்மேல் இழுத்து ஒட்டிய தோல். ஒரு நீளக் குச்சி, ஒரு குட்டைக் குச்சி. நெருப்பில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றினால்தான் ஒலி எழும். மிருதங்கத்திலும் தோல்தான். மிருதங்கம் வாசிப்பவர் வீட்டு வாசலில் எவரும் வண்டியைத் திருப்பிக்கொண்டு போவதில்லை.

திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா 1990-இல் சக்தி கலைக்குழுவைத் தொடங்கினார். பள்ளிப் படிப்பை இடையில் விட்ட தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தார். பெண்கள் தொடக்கூடாது என்றிருந்த கருவியை அப்பெண்கள் நாடெங்கும், நாடு கடந்தும் முழக்கினார்கள். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-இல் நடுவண் அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. திருச்சபையோ 1963-லேயே, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், மக்களினங்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று எழுதிவிட்டது. நாம் குருமடத்தில் அதைப் பாடமாகவே படித்தோம். அந்த ஏடு இந்த ஊருக்கு வந்து சேர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது.

"சாமி, தேர்ப் பவனியில் வேண்டுமானால் கூலிக்கு ஆள் வைத்து அடிக்கலாம், நம் பிள்ளைகள் எதற்கு?" என்று ஒரு பெரியவர் கேட்டார். வயதில் மூத்தவர், இக்கோயிலுக்குப் பலவாறு உழைத்தவர், அவரிடம் எமக்கு மரியாதை குறையவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. கூலிக்கு வருபவனும் யாரோ ஒருவரின் பிள்ளை. ஒலி நமக்கு வேண்டும், ஒலி எழுப்பும் கை மட்டும் வேறொருவருடையதாக இருக்க வேண்டும் என்றால், அந்த ஒலி இந்த யூபிலியில் கேட்க வேண்டாம். கேட்பதானால் எல்லாத் தெருப் பிள்ளைகளின் கையிலிருந்தும் கேட்கட்டும். இதில் நாம் விட்டுக்கொடுப்பதற்கில்லை. ஒன்பது பேரோடு மட்டும் பறை மேடையேறாது. பத்துப் பதினைந்து பேராவது, எல்லாத் தெருக்களிலிருந்தும் வந்தால்தான் ஏறும். வராவிட்டால் நிகழ்ச்சி நிரலில் அந்த இடத்தை எட்டு நிமிடம் காலியாகவே விடுவோம். திரை திறந்திருக்கும், விளக்கு எரியும், மேடையில் பறைகள் மட்டும் இருக்கும். ஆயர் அவர்களும் அமர்ந்து பார்ப்பார்கள். ஏன் என்று அவர்கள் கேட்டால், பதில் சொல்ல நாம் உங்களில் ஒருவரைத்தான் அழைப்போம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். இன்னிசைக் குழு ஓர் இரவுக்குக் கேட்ட தொகையில் பாதிகூட நமக்கு ஆகாது. வில்லும் உடுக்கையும் வாங்கியாயிற்று. கோலாட்டக் கோல்களைத் தச்சுப் பட்டறைக்காரர் ஒருவர் காணிக்கையாகக் கடைந்து தருகிறார். பறை கற்றுத்தர வரும் ஆசானுக்கு மற்ற ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் அதே மதிப்பூதியம். அவருக்கு ஆசிரியர் அறையிலேயே நாற்காலி, ஆசிரியர்களோடேயே தேநீர். ஒத்திகை நாட்களில் பிள்ளைகளுக்குச் சுண்டல் கொடுக்க அன்பியங்கள் முறை வைத்துக்கொள்ளலாம். முதல் வாரத்தை மரியாயின் சேனையார் ஏற்றிருக்கிறார்கள்.

வரும் திங்கட்கிழமை மாலை நாலேகால் மணிக்கு ஒத்திகை தொடங்குகிறது. பெயர்ப் பட்டியல் இன்றிரவு முதல் கோயில் வாசலில் ஒட்டப்பட்டிருக்கும். அடிக்கப்பட்ட பதினொரு பெயர்களையும் நாம் மீண்டும் எழுதியே ஒட்டச் சொல்லியிருக்கிறோம். மறுபடி அடிக்க விரும்புவோர் ஞாயிறு மாலைக்குள் எம்மிடம் வந்து, பிள்ளையையும் உடன் அழைத்து வந்து, அதன் எதிரிலேயே காரணத்தைச் சொல்லி அடித்துக்கொள்ளலாம். அலுவலகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும்.